மருத்துவக் கஞ்சா: கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தைப் பக்கம் காலி வீதியில் ஒரு மருந்துக் கடைக் கவுண்டருக்குப் பின்னால் நிற்பவன் நான். முன்பெல்லாம் ஆட்கள் குரலைத் தாழ்த்திக் கேட்கும் சாமான்கள் வேறு. இப்போது கஞ்சா எண்ணெய் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். கேட்பவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள்கூட இல்லை. முழங்கால் நோவோடு வரும் அம்மாமார், வலிப்பு வரும் பிள்ளையின் தகப்பன், மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிற வீட்டுக்காரர். கவுண்டரில் நின்றபடி இரண்டு நிமிடத்தில் சொல்ல முடியாததை இங்கே எழுதி வைக்கிறேன். மருத்துவ ஆலோசனைக்கு உங்கள் டொக்டர், வழக்கு விஷயத்துக்கு ஒரு சட்டத்தரணி.

இலங்கையில் மருந்துக்காகக் கஞ்சா வாங்க முடியுமா?

டொக்டர் சீட்டு எழுத, நீங்கள் அதை பார்மசியில் காட்டிக் கஞ்சா வாங்கும் முறை இங்கே கிடையாது. 1929 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்க நஞ்சுகள், அபின், அபாயகரமான ஔடதங்கள் கட்டளைச் சட்டம்தான் இன்றும் அடிப்படை. பிரித்தானியர் காலத்துச் சட்டம் என்றாலும் 1984 இலும் 2022 இலும் திருத்தப்பட்டு இறுக்கமாகியிருக்கிறது. பயிரிடுவது, வைத்திருப்பது, விற்பது, நாட்டுக்குள் கொண்டுவருவது எல்லாமே குற்றம். கடத்தல் அளவு பெரிதானால் தண்டனை ஆயுள் சிறை வரை போகும். "எனக்கு வருத்தம், அதற்காகத்தான் வைத்திருந்தேன்" என்பது பொலிஸ் நிலையத்தில் எடுபடாது.

ஒரே ஒரு வாசல் திறந்திருக்கிறது. அது ஆயுர்வேதம், சித்தம், யூனானி ஆகிய சுதேச வைத்தியத்தின் வாசல். அதுவும் நோயாளிக்குத் திறந்த வாசல் இல்லை; பதிவு பெற்ற வைத்தியருக்கும் மருந்து தயாரிக்கும் நிறுவனத்துக்கும் உரியது.

அந்த வாசல் எப்படி வந்தது?

நம் நாட்டு வைத்தியத்தில் கஞ்சா பழைய சரக்கு. சித்த வைத்தியர்கள் சிவமூலி என்பார்கள். சிங்கள வைத்தியத்தில் திரைலோக்ய விஜயபத்ர என்று பெயர். பசியின்மை, வயிற்றோட்டம், தூக்கமின்மை, ஆண்மைக் குறைவு என்று பலவற்றுக்கும் லேகியங்களில் சேர்ந்திருக்கிறது. சும்மா பறித்துப் போடுவதும் இல்லை. சுத்தி செய்து, அளந்து, வேறு பல சரக்குகளோடு சிறு பங்காகச் சேர்ப்பார்கள்.

பதினேழாம் நூற்றாண்டில் கண்டி இராச்சியத்தில் கிட்டத்தட்ட இருபது வருடம் கைதியாக இருந்த ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர், கெட்ட தண்ணீரால் வரும் காய்ச்சலுக்கு இந்தக் காய்ந்த இலையைப் பொடித்துக் கருப்பட்டியோடு காலையும் மாலையும் வெறும் வயிற்றில் சாப்பிட்டதாக எழுதிவைத்திருக்கிறார். தலை சுற்றும் என்பதையும் மறைக்கவில்லை. அவர் லண்டனுக்குத் திரும்பிய பிறகு, விஞ்ஞானி ரொபர்ட் ஹூக் 1689 இல் ரோயல் சொசைட்டியில் இந்தச் செடியைப் பற்றி ஓர் உரையே நிகழ்த்தினார். ஐரோப்பிய விஞ்ஞானம் கஞ்சாவை மருந்தாகக் கவனித்த மிகப் பழைய பதிவுகளில் ஒன்று நம் தீவிலிருந்து போனது. இது பலருக்குத் தெரியாது.

இந்தப் பழைய பாவனையைச் சட்டம் முழுதாக வெட்டிவிடவில்லை. 1961 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் வரும் ஆயுர்வேதத் திணைக்களம் வழியாக, அனுமதியோடு, மருந்து தயாரிப்புக்குக் கஞ்சா கொடுக்கப்படுகிறது. நாவின்னவில் உள்ள ஆயுர்வேத மருந்துகள் கூட்டுத்தாபனம் இதில் முக்கியமான இடம்.

அவர்களுக்குக் கஞ்சா எங்கிருந்து வருகிறது?

நீதிமன்றத்திலிருந்து! பொலிஸ் பிடித்த கஞ்சா, வழக்கு முடிந்த பிறகு ஆயுர்வேதப் பக்கம் போய்ச்சேரும். வழக்கு முடிய எத்தனை காலம் எடுக்கும் என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. சுகாதார அமைச்சராக இருந்த ராஜித சேனாரத்ன, நான்கைந்து வருடம் கிடந்த சரக்கு கைக்கு வரும்போது வீரியம் போய்விடுகிறது என்று பகிரங்கமாகச் சொன்னார். இங்கிரிய பக்கம் 100 ஏக்கரில் அரசே பயிரிடும் திட்டம் ஒன்றையும் முன்வைத்தார். அது அப்படியே நின்றுபோனது.

இரசாயனம் தெரிந்தவருக்கு அவர் சொன்னது விளங்கும். போதை தரும் டி.எச்.சி. என்ற பொருள் காற்றும் வெளிச்சமும் பட்டுக் காலப்போக்கில் சி.பி.என். என்ற வீரியம் குறைந்த பொருளாக மாறிவிடும். ஆக ஒரு சாக்கில் எவ்வளவு மிச்சம் என்று சோதிக்காமல் யாருக்கும் தெரியாது. தனமல்வில சேனைப் பயிர் நிலத்தில் வளர்ந்ததும், இந்தியாவிலிருந்து படகில் வந்த கேரள கஞ்சாவும் ஒன்றல்ல. பூச்சிமருந்து அடித்ததா, பூஞ்சணம் பிடித்ததா, அதுவும் தெரியாது. மருந்துக்கு இதைவிட மோசமான மூலப்பொருள் ஏற்பாடு ஒன்றை யோசித்துக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

புறக்கோட்டையில் மதன மோதகம் வாங்கிச் சாப்பிட்டால் அது மருந்துதானே?

கஞ்சா சேர்த்து உருட்டும் ஒரு நாட்டு வைத்திய மருந்தின் பெயர்தான் அது. மூலிகைச் சரக்குக்குப் பேர்போன காபோஸ் ஒழுங்கையில் நல்ல சரக்கு விற்கும் பழைய கடைகள் இருக்கின்றன. அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் பெட்டிக் கடையில், பாடசாலை வாசலில், லேபல் இல்லாத உருண்டையாக விற்கப்படுகிற மதன மோதகத்தை மருந்து என்று நம்பாதீர்கள். பொலிஸ் அடிக்கடி பிடிப்பதும் இந்த மாதிரிச் சரக்கைத்தான். உள்ளே கஞ்சா எவ்வளவு, வேறு என்ன கலந்திருக்கிறது, யாரும் பொறுப்பில்லை.

இன்னொரு விஷயம். வாயால் உட்கொண்ட கஞ்சா உடனே வேலை செய்யாது. அரை மணி முதல் இரண்டு மணித்தியாலம் வரை ஆகும். பிள்ளைகள் ஒன்றைச் சாப்பிட்டு "ஒன்றும் செய்யவில்லையே" என்று இன்னொன்றைப் போடுவார்கள். அப்புறம் இரண்டும் சேர்ந்து ஏறும். நெஞ்சு படபடப்பு, பயம், வாந்தி, நிற்க முடியாத மயக்கம் என்று இரவில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது இப்படித்தான். அப்படி நடந்தால் டொக்டரிடம் என்ன சாப்பிட்டது என்று மறைக்காமல் சொல்லுங்கள். மிச்சம் இருந்தால் அதையும் கொண்டுபோங்கள்.

செடியில் அப்படி என்னதான் இருக்கிறது?

கஞ்சாச் செடியில் ஆண் வேறு, பெண் வேறு. சரக்கு பெண் பூவில். பூவைச் சுற்றியுள்ள மிக நுண்ணிய சுரப்பி மயிர்களில் பிசின் ஊறும். நூற்றுக்கும் மேற்பட்ட கன்னாபினொயிட்டுகள் அதில் இருக்கின்றன. மருத்துவத்தில் பேச்சு இரண்டைப் பற்றித்தான். டி.எச்.சி. போதை தரும், வாந்தியையும் தசை இறுக்கத்தையும் குறைக்கும், பசியைக் கிளப்பும். சி.பி.டி. போதை தராது, சில வகை வலிப்புகளைக் குறைக்கும்.

பச்சைச் செடியில் டி.எச்.சி. பெரும்பாலும் அமில வடிவத்தில்தான் இருக்கும், அதற்குப் போதை இல்லை. சூடு பட்டால்தான் மாறும். புகைப்பதும், நெய்யில் வதக்குவதும், லேகியமாகக் கிண்டுவதும் அந்தச் சூட்டுக்காகத்தான்.

1964 இல் இஸ்ரேலில் ரஃபேல் மெக்குலமும் யெஹியேல் கயோனியும் டி.எச்.சி.யைத் தனியாகப் பிரித்து அதன் அமைப்பைக் கண்டுபிடித்தார்கள். மோர்ஃபினை அபினிலிருந்து பிரித்து ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் ஆன பிறகுதான் கஞ்சாவுக்கு இது நடந்தது. 1992 இல் மெக்குலமின் ஆய்வுக்கூடம், நம் மூளையே கஞ்சாவைப் போன்ற ஒரு பொருளைச் சுரக்கிறது என்று கண்டது. அதற்கு ஆனந்தமைட் என்று பெயர் வைத்தார்கள், ஆனந்தம் என்ற நம் சொல்லை எடுத்து. செடி வேலை செய்வது இந்த ஏற்பாட்டுக்குள் நுழைந்துதான்.

சரி, உண்மையாகவே எந்த வருத்தத்துக்குக் கேட்கும்?

மக்கள் நினைப்பதைவிடப் பட்டியல் சின்னது. ஆனால் அந்தச் சின்னப் பட்டியல் உண்மையானது.

முதலாவது, பிள்ளைகளுக்கு வரும் சில கடுமையான வலிப்பு நோய்கள். இதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

அடுத்து, மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் என்ற நரம்பு நோயில் கை கால் மரக்கட்டை போல் இறுகுவது. சட்டிவெக்ஸ் என்ற வாய் ஸ்பிரே 2010 இல் பிரித்தானியாவில் அனுமதி பெற்றது. ஒரு தடவை அடித்தால் 2.7 மில்லிகிராம் டி.எச்.சி., 2.5 மில்லிகிராம் சி.பி.டி. உள்ளே போகும். அங்கேயும் எடுத்தவுடன் கொடுப்பதில்லை. மற்ற மருந்து கேட்காதபோது நாலு வாரம் கொடுத்துப் பார்த்து, இறுக்கம் 20 சதவீதமாவது குறையவில்லை என்றால் நிறுத்திவிடச் சொல்கிறது அந்நாட்டு வழிகாட்டி.

மூன்றாவது, புற்றுநோய் மருந்து ஏற்றும்போது வரும் வாந்தி. அமெரிக்காவில் 1985 இலிருந்து டி.எச்.சி. குளிசையாகவே இருக்கிறது, ட்ரொனாபினோல் என்று பெயர். ஆனால் இன்று ஒண்டான்செட்ரோன் போன்ற நல்ல வாந்தி மருந்துகள் வந்துவிட்டன, அவை இங்கேயும் கிடைக்கும். கஞ்சாக் குளிசை அவை கேட்காதவர்களுக்குத்தான்.

நாட்பட்ட வலியில்தான் பெரிய இழுபறி. 2017 இல் அமெரிக்க தேசிய விஞ்ஞானக் கழகங்களின் அறிக்கை, பெரியவர்களின் நாட்பட்ட வலிக்குப் பலன் உண்டு என்பதற்கு வலுவான சான்று இருப்பதாகச் சொன்னது. இரண்டு வருடம் கழித்து பிரித்தானிய வழிகாட்டி, வலிக்கு இதைக் கொடுக்க வேண்டாம் என்றது. 2021 இல் வலி ஆய்வுக்கான சர்வதேச சங்கமும் பரிந்துரைக்க மறுத்தது. ஆய்வுகளில் கிடைத்த குறைவு சிறியது, பக்கவிளைவு அதற்குப் பக்கத்திலேயே நிற்கிறது. எடைபோடுகிற ஆளைப் பொறுத்துத் தராசு சாய்கிறது. என் அபிப்பிராயத்தைக் கேட்டால், முழங்கால் தேய்மானத்துக்குக் கஞ்சா எண்ணெய் தேடுகிற அம்மா முதலில் பிசியோதெரபிக்குப் போகலாம்.

கண் அழுத்தத்துக்கு? குறைக்கும், மூன்று நான்கு மணித்தியாலத்துக்கு. நாள் முழுக்க மயக்கத்தில் இருந்தால்தான் கண்ணைக் காப்பாற்றலாம் என்றாகிவிடும். சொட்டு மருந்து போதும்.

புற்றுநோயையே குணமாக்கும் என்கிறார்களே?

ஆய்வுக்கூடத் தட்டில் புற்றுநோய்க் கலங்களைக் கொல்லும் பொருட்கள் ஆயிரம் இருக்கின்றன. மனிதரில் கஞ்சா எண்ணெய் புற்றுநோயைக் குணப்படுத்தியது என்று காட்டும் சான்று இல்லை. இதை நம்பி மருந்தேற்றலை நிறுத்துவதுதான் ஆபத்து. நிறுத்தியவருக்குப் போவது பணத்தைவிடக் காலம்தான்.

ஒன்று மட்டும் எனக்கு விளங்குவதில்லை. மகரகம அபேக்ஷா வைத்தியசாலையில் கொடுத்த மோர்ஃபின் குளிசையை "அது போதைப்பொருள், பழக்கமாகிவிடும்" என்று அலுமாரியில் பூட்டி வைத்துவிட்டு, வலியில் துடிக்கும் தகப்பனுக்குக் கஞ்சா எண்ணெய் எங்கே கிடைக்கும் என்று கேட்டு வருகிறார்கள். மோர்ஃபின் அளவு தெரிந்த மருந்து. புற்றுநோய் வலிக்கு உலகம் முழுக்க அதுதான் முதல் வரிசை. டொக்டர் சொன்ன அளவில், சொன்ன நேரத்துக்குக் கொடுங்கள். மலச்சிக்கல் வரும், அதற்கும் சேர்த்து மருந்து கேளுங்கள்.

பிள்ளைக்கு வலிப்பு. சி.பி.டி. கொடுக்கலாமா?

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் அவசரப்பட்டு இல்லை என்று சொல்வதில்லை. ட்ரவே, லெனொக்ஸ்-கஸ்டோ என்ற இரண்டு கடுமையான வலிப்பு நோய்களுக்கு எபிடியொலெக்ஸ் என்ற சுத்தமான சி.பி.டி. திரவத்தை 2018 ஜூனில் அமெரிக்கா அனுமதித்தது. 2020 இல் டியூபரஸ் ஸ்கிளீரோசிஸ் நோயில் வரும் வலிப்பும் சேர்ந்தது. ட்ரவே நோயுள்ள 120 பேரில் நடந்த ஆய்வில், மருந்து எடுத்தவர்களுக்கு மாதத்துக்குச் சராசரியாக 12.4 ஆக இருந்த வலிப்பு 5.9 ஆகக் குறைந்தது. வெறும் திரவம் எடுத்தவர்களுக்கு 14.9 இலிருந்து 14.1. முழுதாக நின்றது நூற்றில் ஐந்து பேருக்குத்தான். அற்புதம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு நாளைக்குப் பலமுறை விழும் பிள்ளையை வைத்திருக்கும் தாய்க்கு வலிப்பு பாதியாவது என்றால் என்ன என்று நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

மூன்று விஷயம் கவனிக்க வேண்டும். உங்கள் பிள்ளைக்கு இருப்பது இந்த நோய்களில் ஒன்றா? பெரும்பாலான வலிப்பு சாதாரண மருந்துக்கே அடங்கும். இரண்டாவது, அளவு. உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராமில் தொடங்கி, வழக்கமாக 10, சிலருக்கு 20 வரை, ஒரு நாளைக்கு. 20 கிலோ பிள்ளைக்கு 10 என்றாலே 200 மில்லிகிராம். உறவுக்காரர் அனுப்பிய 25 மில்லிகிராம் கம்மி மிட்டாயில் இதை எட்டப்போனால் தினமும் எட்டு. மூன்றாவது, வல்ப்ரொயேட் என்ற வலிப்பு மருந்து குடிக்கும் பிள்ளைக்கு ஈரல் என்சைம் ஏறலாம், குளோபசாம் என்ற இன்னொரு வலிப்பு மருந்து குடித்தால் தூக்கம் அளவுக்கு மீறலாம். இரத்தப் பரிசோதனை இல்லாமல் தொடவே கூடாது.

ஆகவே சீமாட்டி ரிஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரி நரம்பியல் கிளினிக்கில் நேராகக் கேளுங்கள். எந்த மருந்தும் இங்கே சட்டப்படி வர வேண்டுமானால் 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தில் அமைந்த தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் பக்கம் போக வேண்டும். அந்தப் பாதையில் விண்ணப்பிப்பது டொக்டர் மூலமாகத்தான் நடக்கும். வட்சப் குழுவில் நடக்காது.

கனடாவிலிருந்து மாமா சி.பி.டி. எண்ணெய் அனுப்புகிறேன் என்கிறார். வாங்கலாமா?

மாமாவுக்கு அங்கே சட்டபூர்வம். 2018 ஒக்டோபர் 17 இலிருந்து கனடாவில் கடையில் வாங்கலாம். ஆனால் பார்சல் மத்திய தபால் பரிமாற்றகத்தில் சுங்கத்தின் கைக்கு வந்தவுடன் அது இலங்கைச் சட்டத்துக்குள் வந்துவிடுகிறது, பெயரும் முகவரியும் உங்களுடையது. சி.பி.டி.க்குப் போதை இல்லை என்ற விளக்கத்தை அங்கே நின்று சொல்ல வேண்டி வரும். கஞ்சாச் செடியிலிருந்து எடுத்தது என்பதே பிரச்சினைக்குப் போதும்.

போத்தலில் எழுதியிருப்பதுதான் உள்ளே இருக்கும் என்றும் இல்லை. இணையத்தில் விற்ற 84 சி.பி.டி. பொருட்களை அமெரிக்காவில் சோதித்து 2017 இல் முடிவை வெளியிட்டார்கள். லேபலில் சொன்ன அளவு சரியாக இருந்தது 31 சதவீதத்தில்தான். 18 பொருட்களில் டி.எச்.சி. இருந்தது. அந்த 18 இல் ஒன்றை அம்மம்மா தூக்கத்துக்கு என்று குடித்தால், இரவில் எழும்பித் தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு உடையும்.

விடுமுறைக்கு வரும்போது பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவரச் சொல்வதும் இதே கதைதான், கட்டுநாயக்க விமான நிலையத்தில் நடக்கும் என்பது மட்டும் வித்தியாசம். மாமாவிடம் வேறு ஏதாவது கேளுங்கள். நல்ல இரத்த அழுத்தக் கருவி ஒன்று அனுப்பினால் வீட்டுக்கே உதவும்.

பாங்கொக்கில் கடை கடையாக விற்கிறார்களே, அது?

தாய்லாந்து 2018 கடைசியில் மருத்துவத்துக்கு அனுமதித்தது. 2022 ஜூனில் போதைப்பொருள் பட்டியலிலிருந்தே செடியை எடுத்தது. வீதிக்கு வீதி கடை முளைத்தது. 2025 ஜூனில் திரும்பவும் இறுக்கி, பூ வாங்க மருத்துவச் சீட்டு வேண்டும் என்றார்கள். இந்த இடைக்காலத்தில்தான் குஷ் என்று இங்கே சொல்லப்படுகிற வீரியம் கூடிய பூ கட்டுநாயக்க வழியாக வரத் தொடங்கியது. 2025 மே மாதம் ஓர் இளம் பிரித்தானியப் பெண்ணின் பெட்டிகளில் 46 கிலோ பிடிபட்டது உலகச் செய்தியானது. "நண்பர் தந்த பெட்டி" என்று யாராவது ஒரு பயணப்பையை உங்கள் கையில் தந்தால் வாங்காதீர்கள். சொந்தக்காரர் என்றாலும்தான்.

மீரிகமவில் கஞ்சாத் தோட்டம் வருகிறதாமே? அப்படியென்றால் இங்கேயும் சட்டமாகிவிட்டதா?

இல்லை. குழப்பம் இங்கேதான் கூட.

ஏற்றுமதிக்கு மட்டும் பயிரிடலாமா என்று ஆராய நிபுணர் குழு அமைக்கப்படும் என 2022 நவம்பர் வரவு செலவுத் திட்ட உரையில் அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்ரமசிங்க சொன்னார். இராஜாங்க அமைச்சராக இருந்த டயனா கமகே இதற்காக ஓயாமல் பேசினார். அவருடைய பாராளுமன்றப் பதவி 2024 மே மாதம் குடியுரிமை வழக்கில் போனது. திட்டம் போகவில்லை. அரசாங்கம் மாறிய பிறகும், 2025 ஓகஸ்டில், ஏழு வெளிநாட்டு முதலீட்டாளர்கள் கம்பஹா மாவட்டத்தில் மீரிகமவில் முதலீட்டுச் சபையின் 64 ஏக்கர் காணியில் பரீட்சார்த்தமாகப் பயிரிட அனுமதி பெற்றதாக அறிவிக்கப்பட்டது. விளைவது முழுக்க வெளிநாட்டுக்கு. ஓர் இலைகூட உள்ளூர்ச் சந்தைக்கு வரக்கூடாது என்பது நிபந்தனை.

இதில் சர்வதேச ஏற்பாடும் இருக்கிறது. 1961 ஆம் ஆண்டின் ஐ.நா. போதைப்பொருள் உடன்படிக்கை மருத்துவத்துக்கும் ஆராய்ச்சிக்கும் பயிரிட இடம் கொடுக்கிறது, ஆனால் அரசு அமைப்பு ஒன்று அனுமதி கொடுத்து, விளைச்சலைக் கணக்கில் வைத்து, கண்காணிக்க வேண்டும். 2020 டிசம்பர் 2 இல் ஐ.நா. ஆணைக்குழு 27 க்கு 25 என்ற வாக்கில், ஒருவர் ஒதுங்கி நிற்க, மிகக் கடுமையான நான்காம் பட்டியலிலிருந்து கஞ்சாவை எடுத்தது. மருத்துவப் பயன் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டது போல. முதலாம் பட்டியலில் அது இன்னும் இருக்கிறது, கட்டுப்பாடு தொடர்கிறது.

ஏற்றுமதிக்கு வளர்க்கலாம், இங்குள்ள நோயாளிக்கு இல்லை. இது என்ன நியாயம்?

கேட்க வேண்டிய கேள்வி. டொலர் தேவை என்பது விளங்குகிறது. ஆனால் மீரிகமவில் ஆய்வுக்கூடத் தரத்தில் விளையும் பூ ஜெர்மனிக்குப் போக, நாவின்னவில் லேகியம் கிண்டுகிறவருக்கு நீதிமன்றக் களஞ்சியத்தில் கிடந்த சாக்கு போகிறது என்றால் ஏதோ தலைகீழாக இருக்கிறது. ட்ரவே நோயுள்ள பிள்ளையின் டொக்டருக்குச் சுத்தமான சி.பி.டி. தர ஒரு குறுகிய, கண்காணிக்கப்பட்ட பாதை போதும். அதற்குக் கடை திறக்க வேண்டியதில்லை, புகைக்க விட வேண்டியதில்லை.

எதிர்ப்பக்கத்தின் பயமும் எனக்கு விளங்காமல் இல்லை. கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, தெமட்டகொட போன்ற இடங்களில் ஹெரோயினும் ஐஸும் செய்ததைக் கண்ணால் கண்டவர்கள் "மருத்துவம் என்ற பெயரில் கதவைத் திறக்காதே" என்கிறார்கள். மருத்துவ அமைப்புகளும் எதிர்த்துக் குரல் கொடுத்தன. நான் சொல்வது மருந்து என்றால் மருந்தாகவே வரட்டும் என்பதுதான். அளவு எழுதிய போத்தலில், பதிவு எண்ணோடு, ஏதாவது பிசகினால் யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியும்படி.

மற்ற மருந்துகளோடு சேர்ந்தால் என்ன ஆகும்?

இதய வல்வு மாற்றியவர்கள் இரத்தம் உறையாமல் இருக்கக் குடிக்கும் வொஃபரினின் வீரியத்தை சி.பி.டி. கூட்டும், இரத்தம் கசியலாம். சிறுநீரகம் மாற்றியவர்கள் உடல் அதை நிராகரிக்காமல் இருக்கக் குடிக்கும் டக்ரொலிமஸின் அளவும் இரத்தத்தில் ஏறும். தூக்கக் குளிசை, சாராயம், மோர்ஃபின் இவற்றோடு டி.எச்.சி. சேர்ந்தால் மயக்கம் பெருகும். டி.எச்.சி. இதயத் துடிப்பைக் கூட்டுவதால் மாரடைப்பு வந்தவர்கள் கவனமாக இருக்க வேண்டும். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் எந்த வடிவிலும் வேண்டாம்.

இயற்கைச் செடிதானே, பழக்கமாகுமா?

ஆகும். பாவிப்பவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு. பதின்ம வயதில் தொடங்கியவர்களில் ஆறில் ஒருவருக்கு என்பது மருத்துவ நூல்களில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. மூளை முதிர இருபதுகளின் நடுப்பகுதி வரை ஆகும். அதற்குமுன் தினமும் வீரியமான சரக்கைப் பாவித்தால் மனப்பிறழ்வு வரும் அபாயம் கூடுகிறது. குடும்பத்தில் யாருக்காவது அந்த நோய் இருந்தால் இன்னும் கூட. நீண்டநாள் பாவித்த சிலருக்கு நிற்காத வாந்தி வரும். சுடுதண்ணீரில் குளித்தால் மட்டும் குறையும். காரணம் தெரியாமல் எண்டொஸ்கொபி வரை அலைவார்கள்.

நஞ்சூமத்தையும் இயற்கைதான்.

ஹெம்ப் விதை எண்ணெய், ஹெம்ப் ஷாம்பூ எல்லாம்?

அதே செடியின் டி.எச்.சி. மிகக் குறைந்த வகைதான் ஹெம்ப். அமெரிக்கச் சட்டத்தில் எல்லை 0.3 சதவீதம். விதையில் போதைப்பொருள் சொல்லும்படியாக இல்லை; நல்ல கொழுப்பும் புரதமும் உண்டு, எள்ளிலும் உண்டு. வெளிநாட்டில் வாங்கி வருமுன் சுங்கத்தில் கேட்டுவிடுங்கள். இலைப் படம் போட்ட போத்தலைக் கண்டால் அதிகாரி ஹெம்ப், கஞ்சா என்று பிரித்துப் பார்ப்பார் என்று நம்பாதீர்கள்.

மொட்டைமாடித் தொட்டியில் ஒரே ஒரு செடி?

ஒன்றும் பயிர்தான். வேண்டாம்.

ஏற்கனவே பாவிக்கிறேன். டொக்டரிடம் சொன்னால் பொலிசுக்குப் போகுமா?

நோயாளி சொல்வதை இரகசியமாக வைத்திருப்பது டொக்டரின் கடமை. சொல்லுங்கள். முக்கியமாக சத்திரசிகிச்சைக்கு முன் மயக்க மருந்து டொக்டரிடம் சொல்லுங்கள். தினமும் கஞ்சா பாவிப்பவருக்கு மயக்க மருந்து கூடுதலாகத் தேவைப்படலாம், பிறகு வலியும் கூடுதலாக இருக்கலாம். பக்கத்தில் அம்மாவோ மனைவியோ இருந்தால் வெளியே இருக்கச் சொல்லிவிட்டுப் பேசலாம், அதில் தப்பில்லை.

நிறுத்த உதவி எங்கே கிடைக்கும்?

1984 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டத்தில் உருவான தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். ஆலோசனையும் சிகிச்சை நிலையங்கள் பற்றிய தகவலும் கிடைக்கும். மனம் குழம்பி, காதில் குரல் கேட்கிறது, யாரோ துரத்துகிறார்கள் என்ற நிலைக்கு வந்துவிட்டால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926. வீட்டில் யாராவது தன்னையோ மற்றவரையோ காயப்படுத்தும் அளவுக்குப் போனால் தொலைபேசியில் காத்திருக்காமல் தேசிய வைத்தியசாலையின் விபத்துப் பிரிவுக்கு நேரே கூட்டிப்போங்கள். அழைக்கும்போது தமிழில் பேச வேண்டும் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள், தமிழ் தெரிந்தவருக்கு இணைப்பை மாற்றச் சொல்லலாம்.